கூடலூரில் நடந்த திருமணத்தை இலங்கையில் வாழ்க்கைத்துணை விசாவுக்கு ஏற்கச் செய்வது எப்படி?

தலவாக்கலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் அரசாங்க ஆசிரியையாகக் கடமையாற்றுகிறேன். என் தாயாரின் அண்ணன் குடும்பத்தினர், இந்திய வம்சாவளியினரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் இரு நாடுகளும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறிச் சென்று, நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் தாயகம் திரும்பியோருக்கென அமைக்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டமொன்றில் குடியமர்ந்தவர்கள். அந்த மாமாவின் மகனைத்தான் நான் கடந்த ஆண்டு மணந்தேன். அங்குள்ள மாரியம்மன் கோவிலில் இரு வீட்டாரும் கூடியிருக்க, ஐயர் வைத்துத் தாலி கட்டி, முறைப்படி திருமணம் நடந்தது. ஆனால் என் விடுமுறை முடிந்துவிட்டதால், எந்த அலுவலகத்திலும் பதிவு செய்யாமலேயே நான் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. கோவில் நிர்வாகம் தந்த கடிதமும் கட்டணப் பற்றுச்சீட்டும் அழைப்பிதழும் புகைப்படங்களும் மட்டுமே கையில் இருக்கின்றன.

என் வேலையை விட்டு நான் அங்கு செல்ல இயலாது என்பதாலும், அவர் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுது பார்ப்பதில் நல்ல தேர்ச்சி பெற்றவர் என்பதாலும், அவர் இங்கு வந்து என்னுடன் வாழ்வதென்று தீர்மானித்திருக்கிறோம். அவர் இந்தியப் பிரஜை. கோவில் கடிதத்தை வைத்து வாழ்க்கைத்துணை வதிவிட விசாவுக்கு விண்ணப்பிக்க முடியுமா? டவுனில் விசா வேலைகளைச் செய்துகொடுக்கும் ஒருவர், "அவரைச் சுற்றுலா விசாவில் வரவழைத்து இங்கேயே எழுத்து (விவாகப் பதிவு) எழுதிவிடுங்கள், பழைய கல்யாணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்" என்கிறார். அது சரியான வழியா? என் மாமா தலவாக்கலையில் பிறந்தவர் என்பதால் அவருடைய மகனுக்கு நேரடியாகவே குடியுரிமை கிடைக்குமென்று உறவினர் சிலர் கூறுவதிலும் உண்மை உண்டா? என் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயருக்கும் கடவுச்சீட்டில் உள்ள பெயருக்கும் இரண்டு எழுத்து வித்தியாசம் இருப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நுவரெலியா எழுதுவினைஞர்

சகோதரிக்கு வணக்கம். ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் நீண்ட காலமாக எழுதுவினைஞராக இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் கேள்விகளில் கடைசியாகக் கேட்டதற்கு விடை எளிது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வந்தவர்களுக்கும் இங்கு வசிக்கும் அவர்களுடைய சந்ததியினருக்கும் உரியது. இந்தியக் குடியுரிமை பெற்றுக் கப்பலேறியவர்களின் பிள்ளைகள் அதற்குள் வரமாட்டார்கள். ஆகவே உங்கள் கணவருக்கு அவருடைய தந்தையின் பிறப்பிடம் உதவாது. உங்களை மணந்தவர் என்ற உறவு ஒன்றே உதவும். அந்த உறவைத்தான் ஆவணத்தில் நிலைநாட்ட வேண்டும்.

வேறொரு நாட்டில் நடந்த திருமணத்தை நமது நாட்டில் ஏற்பதற்கு இரண்டு விடயங்கள் பார்க்கப்படும். திருமணச் சடங்கும் முறைமையும் அது நடந்த இடத்தின் சட்டப்படி செல்லுபடியாக இருந்தனவா என்பது ஒன்று. மணந்துகொள்வதற்கான தகுதி, அதாவது வயது, ஏற்கெனவே திருமணம் செய்யாத நிலை, தடைசெய்யப்பட்ட உறவாக இல்லாமை ஆகியன ஒவ்வொருவருக்கும் அவரவர் நிரந்தர வதிவு நாட்டுச் சட்டப்படி இருந்தனவா என்பது மற்றொன்று. தாலி கட்டிய திருமணம் தமிழ்நாட்டில் செல்லுபடியாகும் என்பதில் ஐயமில்லை. இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் தமிழ்நாடு சேர்த்த 7அ பிரிவின்படி, உறவினரோ நண்பரோ முன்னிலையில் தாலி கட்டினாலோ மாலையோ மோதிரமோ மாற்றினாலோ போதும், ஐயர்கூடத் தேவையில்லை. பதிவு செய்யாதது திருமணத்தைச் செல்லாததாக்காது என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது.

இரண்டாவது விடயத்தில்தான் நம் மக்கள் அடிக்கடி இடறுகிறார்கள். இலங்கையின் 1907ஆம் ஆண்டு 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் தாய்மாமனும் அக்காள் மகளும் மணப்பதைத் தடை செய்கிறது. ஆனால் மாமன் பிள்ளையும் அத்தை பிள்ளையும் மணப்பதைத் தடை செய்யவில்லை. தமிழ்நாட்டிலோ, வழக்காறு இருந்தால் இரண்டு வகைத் திருமணங்களுமே இந்து திருமணச் சட்டப்படி செல்லும். நீங்கள் மணந்தது மாமாவையல்ல, மாமாவின் மகனை என்பதால் இங்கு உங்களுக்குத் தடையில்லை. தாய்மாமனையே அங்கு சென்று மணந்துவிட்டு வந்து விசா கேட்கும் பெண்களுக்கு இந்த இடத்தில்தான் பெரும் சிக்கல் எழுகிறது.

ஆகவே உங்கள் திருமணம் செல்லுபடியானதே. ஆயினும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் உங்கள் விண்ணப்பக் கோவையைப் பார்க்கும் அதிகாரி தமிழ்நாட்டு வழக்காறுகளை ஆராய அமர்ந்திருப்பவர் அல்லர். அரசாங்கப் பதிவாளர் ஒருவர் வழங்கிய சான்றிதழையே அவர் கேட்பார். கோவில் கடிதம் துணைச் சான்றாக மட்டுமே நிற்கும்.

ஹட்டன் வாசகர்

மேலே எழுதியவர் சட்டத்தைச் சரியாகவே சொன்னாலும், நடைமுறையில் டவுன்காரர் சொன்ன வழியே சுலபமானது என்பது என் எண்ணம். கணவர் இங்கு வந்ததும் விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்து எழுத்தை முடித்துவிட்டால், சான்றிதழ் இலங்கையுடையதாகவே இருக்கும். சென்னைக்கும், குடிவரவுத் திணைக்களம் உள்ள பத்தரமுல்லைக்கும் ஆவணங்களை உறுதிப்படுத்தும் முத்திரைகளுக்காக அலைய வேண்டியதில்லை. தோட்டங்களில் கோவிலில் தாலி கட்டிப் பல ஆண்டுகள் வாழ்ந்த பின்னர், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும் தறுவாயில் எழுத்து எழுதிக்கொண்ட தம்பதிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதை யாரும் தவறென்று சொன்னதில்லை.

நுவரெலியா எழுதுவினைஞர்

ஹட்டன் நண்பர் கூறும் தம்பதிகள் இருவரும் இலங்கையர்கள். அவர்களுடைய கோவையில் வேறொரு நாட்டின் ஆவணம் எதுவும் இல்லை. சகோதரியின் நிலை வேறு. விவாக அறிவித்தலில் இரு தரப்பினரும் தம் திருமண நிலையை எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஏற்கெனவே மணமானவர்கள் "விவாகமாகாதவர்" என்று எழுதிக் கையொப்பமிட்டால் அது பொய்க் கூற்றாகும். அதன் பின்னர் இந்தியாவில் கணவரின் கடவுச்சீட்டிலோ குடும்ப அட்டையிலோ பழைய திகதியும், இலங்கைச் சான்றிதழில் புதிய திகதியும் இருந்தால், விசா நீடிப்பின்போதோ குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதோ யாராவது ஒருவர் அதைக் கேட்கத்தான் செய்வார். போதாக்குறைக்கு, வெளிநாட்டவரை இங்கு மணப்பதற்கு 2022 ஜனவரி முதல் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி அறிக்கை கேட்கப்பட்ட காலமொன்றும் இருந்தது. இங்கு எழுதுவது எப்போதும் சுலபம் என்று எண்ணிவிட முடியாது. மறைத்துச் செய்யும் எழுத்துக்கு என் அலுவலகத்தில் எவருக்கும் ஆலோசனை சொல்லமாட்டோம்.

கோத்தகிரிக்காரன்

வணக்கம். என் பெற்றோரும் மஸ்கெலியாவிலிருந்து வந்தவர்கள். எங்கள் பக்கத்தில் இத்தகைய திருமணங்கள் நிறையவே நடக்கின்றன. இந்தியப் பக்கத்து நடைமுறையை மட்டும் நான் சொல்கிறேன்.

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி, திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் தரப்படும். உங்களுக்கு அந்த 150 நாட்களும் கடந்திருக்கும். அதற்காக அஞ்ச வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவு கால எல்லை எதையும் விதிக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நடந்த திருமணங்களும் அதன்கீழ் பதிவாகின்றன. உங்கள் பாடசாலை விடுமுறையில் ஒருமுறை வந்து, இருவரும் சாட்சிகளுடன் நேரில் செல்ல வேண்டியிருக்கும். அழைப்பிதழ், தாலி கட்டும்போது எடுத்த புகைப்படம், கோவில் கடிதம், வயது மற்றும் முகவரிச் சான்றுகள், உங்கள் கடவுச்சீட்டு ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். கோவில் கடிதத்தையும் புகைப்படத்தையும் அற்பமாக எண்ண வேண்டாம். சடங்கு நடக்காமல் பதிவுச் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது இந்துத் திருமணமாகாது என்று 2024 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. உங்களுக்குச் சடங்கு நடந்திருக்கிறது, பதிவுதான் பாக்கி.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டைக் கண்டதும் சில அலுவலகங்களில் தயக்கம் காட்டுவார்கள். நீங்கள் இதற்கு முன் வேறு எவரையும் மணந்தவர் அல்லர் என்பதற்கு இலங்கையிலிருந்து சான்று கேட்கவும் கூடும். பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் பதிவேடுகளில் தேடிப் பெறும் சான்றை, வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்திக் கையோடு கொண்டுவந்தால் ஒரு பயணம் மிச்சமாகும்.

பண்டாரவளை இல்லத்தரசி

என் கணவர் திருச்சியைச் சேர்ந்தவர்; நாங்களும் அங்கேயே மணந்து பதிவு செய்து, வாழ்க்கைத்துணை விசாவில் இங்கு வாழ்பவர்கள்தான். பதிவுச் சான்றிதழ் கிடைத்த பிறகு நடப்பவற்றைச் சொல்கிறேன்.

அந்தச் சான்றிதழை அப்படியே பத்தரமுல்லைக்குக் கொண்டுவந்து நீட்ட முடியாது. முதலில் மாநில அரசின் மேலொப்பம், அடுத்து சென்னையிலுள்ள இந்திய வெளியுறவு அமைச்சகக் கிளைச் செயலகத்தின் உறுதிப்படுத்தல், அதன் பின்னர் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தின் முத்திரை என்று ஒன்றன் மேல் ஒன்றாக ஏற வேண்டும். முந்தைய கையொப்பத்தைத்தான் அடுத்த அலுவலகம் உறுதி செய்கிறது என்பதால் இந்த வரிசையை மாற்ற முடியாது. சென்னையில் முகவர்கள் சிலர், எந்த நாட்டுக்கு என்று கேட்காமலேயே, ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடுகள் ஒன்றின் ஆவணத்தை மற்றொன்று ஏற்பதற்கான அபோஸ்டில் முத்திரையைக் குத்தித் தந்துவிடுவார்கள். இந்தியா 2005 முதல் அந்த உடன்படிக்கையில் இருந்தாலும், அதே உடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கே அந்த முத்திரை செல்லும். ஆகவே "இலங்கையில் காட்டுவதற்கு" என்று தெளிவாகச் சொல்லி, துணை உயர் ஸ்தானிகராலயம் எதை ஏற்கும் என்பதை முன்கூட்டியே அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இலங்கை வந்ததும் வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் காட்ட வேண்டியிருக்கும். அதுவும் குடிவரவுத் திணைக்களமும் பத்தரமுல்லை சுஹுருபாயவில் ஒரே கட்டடத்தில் இருப்பது மலையகத்திலிருந்து இரவு பஸ் ஏறிச் செல்பவர்களுக்கு ஒரு பெரிய ஆறுதல்.

கணவருடைய பொலிஸ் நற்சான்றையும் அங்கிருந்தே எடுத்து வரச் சொல்லுங்கள். நீலகிரிக்காரர்கள் அதைக் கோயம்புத்தூர் கடவுச்சீட்டு அலுவலகத்தின் வழியாகப் பெற வேண்டும். இங்கு வந்த பிறகு அதைத் தேடுவது வீண் தாமதம். சுற்றுலா விசாவில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிட்டு, வாழ்க்கைத்துணை என்ற காரணத்தைக் கூறி நுழைவு விசாவைப் பற்றித் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் கேட்ட பின்னர் அவரைப் புறப்படச் செய்யுங்கள்.

இனி உங்கள் பெயர் விடயம். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். தோட்டத்தில் பிறந்த நம்மில் பலருடைய பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் எழுதப்பட்டு, அடையாள அட்டைக்காகத் தமிழுக்கு வந்து, கடவுச்சீட்டுக்காக ஆங்கில எழுத்துக்கு மாறும்போது, ஒரே பெண் மூன்று பெண்களாகிவிடுகிறாள். போதாததற்கு, தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் போடுவார்கள். இங்கு தந்தை பெயரை முழுமையாக எழுதுவோம். சார்பதிவாளர் தம் வழக்கப்படி உங்களுக்கு ஒரு முதலெழுத்தை வைத்துச் சான்றிதழ் தந்துவிட்டால், அந்தச் சான்றிதழில் உள்ளவர் நீங்கள்தான் என்று நிரூபிப்பதே தனி வழக்காகிவிடும். படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். கையொப்பமிடும் முன்னர் அச்சுப் பிரதியை வாங்கி வாசியுங்கள். என் சான்றிதழில் இருந்த முதலெழுத்தைத் திருத்துவதற்கு, திருமணத்துக்குச் செலவழித்த காலத்தைவிட அதிக காலம் எடுத்தது என்பது மிகையல்ல.

பிறப்புச் சான்றிதழில் உள்ள இரண்டெழுத்து வித்தியாசத்துக்கு, இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் சேர்த்து வைக்கலாம். ஆயினும் நேரமிருந்தால் உங்கள் பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளை வழியாகப் பிறப்புப் பதிவையே திருத்திக்கொள்வது நல்லது. நாளை பிள்ளையின் ஆவணங்களிலும் அதே வித்தியாசம் தொடராது.

தலவாக்கலை ஆசிரியை

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கோத்தகிரி அண்ணன் கூறியதைக் கேட்டு, என் கணவர் அங்குள்ள அலுவலகம் ஒன்றில் விசாரித்தார். மனைவி வெளிநாட்டவர் என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ்தான் பதிவு செய்ய வேண்டும், முப்பது நாட்கள் அறிவித்தல் ஒட்ட வேண்டும் என்று கூறிப் படிவத்தையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். விடுமுறையை நீடித்தாவது நான் அங்கு தங்கி அதைச் செய்துவிடட்டுமா?

கோத்தகிரிக்காரன்

தங்கையே, அந்தப் படிவத்தில் கையொப்பமிடும் முன்னர் சற்று நில்லுங்கள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் மதமும் நாடும் பாராமல் எவரையும் அனுமதிக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் அட்டவணையில் தடைசெய்யப்பட்ட உறவுகளின் பட்டியல் உண்டு. ஆணுக்கு மாமன் மகளும் அத்தை மகளும், பெண்ணுக்கு மாமன் மகனும் அத்தை மகனும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். நம் ஊரில் "முறைப்பெண்", "முறை மாப்பிள்ளை" என்று பிறந்த வீட்டிலேயே பேசி வைக்கும் உறவு, அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தடை. வழக்காற்றுக்கு விலக்கு இருக்கிறதே என்று சிலர் கூறுவார்கள். அந்த விலக்குக்குக்கூட மாநில அரசு அரசிதழில் அறிவித்த வழக்காறாக இருக்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் சொல். தவிர, ஏற்கெனவே நடந்த திருமணத்தைப் பதிவு செய்யும் 15ஆம் பிரிவில், வழக்காற்று விலக்கு அச்சட்டம் வருவதற்கு முன் நடந்த திருமணங்களுக்கு மட்டுமே தரப்பட்டுள்ளது.

ஆகவே அங்கே உறவைச் சொன்னால் மறுப்பார்கள். சொல்லாமல் மறைத்தால் கிடைக்கும் சான்றிதழ் பிற்பாடு கேள்விக்குள்ளாகும். இந்து திருமணச் சட்டமும் அண்ணன் தங்கை பிள்ளைகளைத் தடைப்பட்டியலில் வைத்திருந்தாலும், வழக்காறு அனுமதித்தால் மணக்கலாம் என்று 5ஆம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. அரசிதழ் அறிவித்தல் எதையும் கேட்பதில்லை. உங்களுக்கு உரிய வழி அதுதான்.

நுவரெலியா எழுதுவினைஞர்

கோத்தகிரி அன்பர் கூறியதுடன் நான் முழுமையாக உடன்படுகிறேன். இந்து திருமணச் சட்டம் தரப்பினர் இந்துக்களா என்பதையே 2ஆம் பிரிவில் முதன்மையாகப் பார்க்கிறது. அந்நியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் இந்துவைக் கண்டதும் சிறப்புச் சட்டப் படிவத்தை நீட்டுவது அலுவலகப் பழக்கமாக இருக்கலாம். ஆகவே வாய்மொழி விடையோடு திரும்பிவிடாமல், 8ஆம் பிரிவின்கீழ் பதிவு கோரும் விண்ணப்பத்தை ஆவணங்களோடு எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்கச் சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால் மாவட்டப் பதிவாளரிடம் செல்லலாம். அங்குள்ள வழக்கறிஞர் ஒருவர் துணையிருந்தால் இந்த வேலை ஓடிவிடும். உறவுமுறையை விண்ணப்பத்திலேயே வெளிப்படையாக எழுதி, உங்கள் சமூகத்தில் மாமன் மகன் திருமணம் வழக்காறு என்பதற்கு இரு வீட்டுப் பெரியவர்களின் உறுதிமொழியையும் இணைப்பது நல்லது.

விசா கிடைத்த பின்னர் எழும் இரண்டு விடயங்களையும் சொல்லிவிடுகிறேன். வதிவிட விசாவில் பொறிக்கப்பட்டுள்ள நிபந்தனையை வாசிக்காமல் கணவரைத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்ப வேண்டாம். வாழ்க்கைத்துணை என்பதால் வேலை அனுமதி தானாக வந்துவிடாது. அதைத் திணைக்களத்தில் தனியாகக் கேட்க வேண்டும். இலங்கைக் குடியுரிமைச் சட்டம், ஓராண்டு இங்கு வசித்த வாழ்க்கைத்துணை பதிவு மூலம் குடியுரிமை கோருவதற்கு இடமளிக்கிறது. ஆனால் வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெறும் இந்தியர் தம் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்பதால், கூடலூரில் அவருக்கு வீடோ நிலமோ பெற்றோரின் பொறுப்போ இருப்பின், அதை யோசித்த பிறகே அந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.

தலவாக்கலை ஆசிரியை

மீண்டும் நன்றி. அடுத்த தவணை விடுமுறைக்குச் செல்லத் தீர்மானித்துவிட்டேன். ஒரு சிறு ஐயம் மட்டும் இருக்கிறது. நாளை எங்களுக்குப் பிள்ளை பிறந்தால், தந்தை இந்தியர் என்பதால் அதற்கு இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போகுமா?

பண்டாரவளை இல்லத்தரசி

போகாது. அந்தக் கவலை எங்கள் தாய்மார் காலத்தில் இருந்தது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு, தாய் இலங்கைப் பிரஜையாக இருந்தாலும் போதும். பிரசவம் இங்கு நடந்தால் வழக்கம்போல் பிறப்பைப் பதிவு செய்துகொள்ளலாம். கூடலூரில் நடக்குமானால், ஓராண்டுக்குள் சென்னைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிவு செய்துவிடுங்கள். அங்கும் தாயின் பெயர் என்ற இடத்தில் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளையே எழுதுங்கள்.